கிணற்று நீரும் கன்றின் பற்களும்: கால்நடைகளில் புளோரைடு நோய்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று எண்ணி வயதை நிச்சயிப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். அப்பற்களின் நிறத்தையும் பரப்பையும் சிறிது கூர்ந்து நோக்குவாராயின், அம்மாடு கன்றாயிருந்த காலத்தில் குடித்த தண்ணீர் எத்தகையது என்பதையும் அறிந்துகொள்ளலாம். குடிநீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சியிருந்தால் அதன் முதல் அடையாளம் பல்லிலே தோன்றும். பின்னர் எலும்பிலே இறங்கும். முடிவில் உழவு மாட்டை நடக்கவொட்டாமலும் கறவைப் பசுவை எழவொட்டாமலும் செய்துவிடும்.

இந்நோய் முற்றிய பின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் இதைத் தடுக்கும் வழி எளிது, செலவும் மிகுதியன்று. கன்று பிறந்தது முதல் மூன்று ஆண்டுகள் வரையில் அதற்கு நல்ல நீர் கொடுப்பதே அவ்வழியாம். ஏன் அவ்வாறு செய்ய வேண்டும், எவ்வாறு செய்யலாம் என்பவற்றை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் நிலக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் வரலாறு

இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது நமது பழைய சென்னை மாகாணத்திலும் அதை அடுத்த ஹைதராபாத் சமஸ்தானத்திலுமே ஆகும். 1934ஆம் ஆண்டில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் கால்நடை ஆராய்ச்சி அதிகாரி மகாஜன் என்பார் அங்குள்ள மாடுகளில் புளோரைடு நோய் இருப்பதைத் தம் ஆண்டறிக்கையில் குறித்தார். அதே காலத்தில் சென்னை மாகாணத்தின் வடபாகமாகிய நெல்லூர் ஜில்லாவில் உழவு எருதுகள் மூட்டு விறைத்து நடக்கமாட்டாமல் தவிப்பதை விவசாயிகள் கண்டனர். மாட்டிலே கண்ட அக்கேடு மனிதரிடத்தும் இருப்பது பின்னரே தெளிவாயிற்று. கிண்டி கிங் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஷார்ட் என்பாரும் அவருடைய சகாக்களும் அந்த ஜில்லாவில் முதுகெலும்பு கழிபோல் விறைத்துப்போன மக்களைப் பரிசோதித்து, கிணற்று நீரிலுள்ள புளோரைடே காரணம் என்று 1937இல் வெளியிட்டனர். 1943இல் மஜும்தார், ராய், சென் ஆகிய மூவர் இந்திய மாடுகளில் புளோரின் நஞ்சேறுவதைப் பற்றி விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எழுதினர்.

இவ்வரலாற்றில் கிராம அதிகாரிகள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரே கிணற்றிலிருந்து வீட்டாரும் மாடுகளும் குடிக்கும்போது, மாடே முன்னதாக ஊருக்கு எச்சரிக்கை செய்கிறது. அது நாளொன்றுக்கு மனிதனைப்போல் பதினைந்து இருபது மடங்கு நீர் குடிக்கிறது. அதன் பற்களும் விரைவில் முளைக்கின்றன. தொழுவத்திலுள்ள கன்றுகளின் பல் கறுத்திருந்தால், அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பற்களையும் பார்ப்பது கடமையாகும்.

பிற நாடுகளிலும் இந்நோய் பழமையானது. ஐஸ்லாந்துத் தீவில் 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு வெடித்தபோது, புளோரின் கலந்த சாம்பல் மேய்ச்சல் நிலமெங்கும் படிந்தது. அப்புல்லை மேய்ந்த ஆடுகளில் ஏறக்குறைய 80 சதவீதமும் மாடுகளில் பாதியும் மடிந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களும் பெருந்தொகையாக இறந்தனர். அங்கே புகையாலும் சாம்பலாலும் ஒரே பருவத்தில் நேர்ந்த கேடு, நம் நாட்டில் கிணற்று நீரால் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நேர்கிறது. வேறுபாடு அவ்வளவே.

நீரில் புளோரைடு சேர்வது எங்ஙனம்?

புளோரைடு வெளியிலிருந்து கிணற்றில் விழும் அழுக்கன்று. பாறையிலிருந்து கரைந்து வருவது. கருங்கல், நைஸ், சார்னகைட்டு முதலிய கடினப் பாறைகளில் புளோரைட்டு, அப்படைட்டு, கருப்பு அப்பிரகம் ஆகிய கனிமங்கள் உள்ளன. மழைநீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி ஊறும்போது அவற்றிலுள்ள புளோரைடு சிறிது சிறிதாகக் கரைகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியச் செய்துவிடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்து சோடா உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நீரிலோ புளோரைடு தடையின்றிக் கரைந்து நிற்கும்.

தென்னார்க்காடு ஜில்லாவின் ஒரு பாகமாயிருந்து 1993இல் தனியாகப் பிரிந்த விழுப்புரம் ஜில்லாவின் மேற்குப் பகுதி பெரும்பாலும் இத்தகைய கடினப் பாறை நிலமே. செஞ்சிக் குன்றுகளைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிழக்கே வானூர்ப் பக்கம் செல்லச் செல்ல நிலத்தின் அமைப்பு மாறிப் படிவப் பாறையாகிறது. கல்லாகச் சமைந்த மரங்கள் கிடக்கும் திருவக்கரை அப்பகுதியைச் சேர்ந்ததே. ஆகவே ஒரே ஜில்லாவில், ஏன், ஒரே கிராமத்திலுங்கூட, ஒரு கிணற்று நீர் நல்லதாகவும் அடுத்த கிணற்று நீர் தீயதாகவும் இருக்கக்கூடும். மேற்கிலுள்ள அண்டை ஜில்லாவாகிய திருவண்ணாமலையும், அதற்கப்பால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் முதலியனவும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இடங்களைக் கொண்டவை என மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் குறித்துள்ளனர். பாறைக்கு ஜில்லா எல்லை தெரியாது. அடுத்த கிணற்றைப் பார்த்து நம் கிணற்றை மதிப்பிடாமல், ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே பரிசோதிப்பதே அறிவுடைமை.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. உப்பு நீரை மாடு முகர்ந்து ஒதுக்கும்; புளோரைடு நீரையோ தெளிந்த நல்ல நீரென்றே குடிக்கும். காய்ச்சுவதாலும் இது நீங்காது; நீர் வற்றுவதால் அதன் அளவு கூடவே செய்யும்.

எவ்வளவு இருந்தால் தீங்கு?

மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நலம். வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். கால்நடைகளின் நீருக்கு 2 மில்லிகிராம் என்பது பல நாடுகளிலும் கொள்ளப்படும் வரம்பு. நம் நாட்டு வெயிலில் மாடுகள் மிகுதியாகக் குடிக்கின்றமையால் இவ்வரம்புக்குக் கீழேயே நிற்பது நல்லது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கறவைப் பசு ஒன்று கோடைநாளில் 50 லிட்டர் நீர் குடிக்கிறது. அந்நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு இருந்தால் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் உட்செல்கிறது; ஆண்டொன்றுக்கு 54 கிராமுக்கு மேலாகிறது. கழுநீரும் அதே கிணற்று நீரே. பசுந்தீவனம் விளைவதும் அதே நீரிலே. நீரில் கரைந்துள்ள புளோரைடு தீவனத்தில் உள்ளதைக் காட்டிலும் எளிதில் உடலில் ஏறும். ஏறியதில் ஏறக்குறையப் பாதி சிறுநீருடன் வெளியேற, மற்றது எலும்பிலே தங்கிவிடுகிறது. வளரும் கன்றிலோ தங்கும் பங்கு இன்னும் அதிகம்.

உயிரணுக்களில் நிகழ்வது

பல்லும் எலும்பும் கெடுவது வெளியே தெரியும் முடிவு. அதன் தொடக்கம் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களில் உள்ளது. வீடு செங்கற்களால் ஆனதுபோல் உடம்பு உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் சர்க்கரையைச் சிதைத்து அதிலிருந்து வேலை செய்யும் ஆற்றலைப் பெறுகிறது. இச்செயலைப் படிப்படியாக நடத்துபவை என்சைம்கள் எனப்படும் பொருள்கள். அவற்றுள் எனோலேஸ் என்னும் ஒன்றைப் புளோரைடு முடக்கிவிடும். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் குருதி எடுக்கும் குழாயில் சோடியம் புளோரைடு இடுவது வழக்கம். குருதியிலுள்ள உயிரணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாதபடி அவற்றின் வேலையை நிறுத்திவைப்பதற்கே அது இடப்படுகிறது. குழாயில் இடும் அளவு மிகப் பெரிது. உடம்பில் ஏறுவது சிறிது. ஆயினும் செயலின் தன்மை இதனால் விளங்கும்.

உயிரணுவின் உலைக்களம் எனத்தக்க மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளையும் மிகுந்த புளோரைடு தாக்குகிறது. அப்போது உலையிலிருந்து பொறி தெறிப்பதுபோல், அளவுக்கு மிஞ்சிய ஆக்ஸிஜன் தீப்பொருள்கள் தோன்றி உயிரணுவின் கொழுப்புச் சவ்வையும் புரதங்களையும் அரிக்கின்றன. அவற்றை அவிக்கும் பொருட்டு உடம்பு இயல்பாக வைத்துள்ள கேடலேஸ், குளூட்டத்தயோன் முதலிய காப்புப் பொருள்கள் குறைந்துபோகின்றன. காப்புக் குறைந்த உயிரணு முதலில் வேலையில் தளரும். கேடு நீடித்தால் தானே மடியும்.

எல்லா உயிரணுக்களும் ஒன்றுபோல் வருந்துவதில்லை. புளோரைடு எங்கே சென்று சேர்கிறதோ, எங்கே புதிய கட்டுமானம் நடைபெறுகிறதோ, அங்கேதான் தீங்கு மிகுதி. அத்தகைய இடங்கள் முளைக்கும் பல், வளரும் எலும்பு, புளோரைடை வெளியேற்றும் சிறுநீரகம் ஆகிய மூன்றாம்.

பற்களின் சாட்சி

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை; கீழ்த்தாடையில் மட்டும் எட்டு உண்டு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணை இணையாக முளைக்கின்றன. ஏறக்குறைய இரண்டு வயதில் நடு இணையும், பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளி விட்டு அடுத்த இணைகளும் தோன்றி, நான்கு வயதளவில் எட்டுப் பல்லும் சேர்கின்றன. நாட்டு மாடுகளில் இது சற்றுத் தாமதமாகவும் நிகழும். ஆனால் பல் வெளியே தெரிவதற்குப் பல மாதம் முன்னரே அது தாடைக்குள் உருவாகிவிடுகிறது. பல்லின் மேலுள்ள எனாமல் என்னும் வெண்மையான கடினப் பூச்சை அமைக்கும் உயிரணுக்கள் அந்த நாட்களில் மட்டுமே வேலை செய்து, வேலை முடிந்ததும் மறைந்துபோகின்றன. அவ்வுயிரணுக்களைப் புளோரைடு கெடுத்துவிட்டால் பூச்சு முற்றாமல் நுண்துளைகள் உள்ளதாகிறது. பல் முளைத்த பின் தீவனத்தின் சாயம் அத்துளைகளில் ஏறிப் பழுப்பாகவும் கருமையாகவும் படிகிறது. முதலில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெண்திட்டு. பிறகு பழுப்புக் கோடு. கேடு மிகுந்தால் குழி விழுதல், விரைவில் தேய்தல். இதுவே வரிசை. கெட்ட பல்லைத் திருத்தி அமைக்க அவ்வுயிரணுக்கள் மீண்டும் வருவதில்லை. ஆதலின் பல்லில் விழுந்த குறை ஆயுள்வரை நிற்கும்.

இக்காரணத்தால் மாட்டின் முன்பற்கள் காலக் குறிப்பேடு ஒன்றைப் போன்றவை. ஒரு தொழுவத்து மாட்டில் முதல் இரண்டு இணைகள் வெண்மையாயிருந்து, கடைசி இரண்டு இணைகள் மட்டும் கறைபட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பற்கள் அமைந்த காலத்தில் அது நல்ல நீர் குடித்தது. கடைப் பற்கள் அமைந்த காலத்தில் தீய நீருக்கு மாறியது என்று தெளியலாம். திறந்த கிணற்றை விட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய ஆண்டை நினைவுகூர்ந்தால் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

மற்றொரு சோதனையும் உண்டு. ஊரிலே பிறந்து வளர்ந்த மாடுகளையும், எட்டுப் பல்லும் சேர்ந்த பின் வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த மாடுகளையும் ஒருங்கே நிறுத்திப் பற்களை ஒப்பிட்டுப் பார்க்கவும். ஊர்க் கன்றுகளின் பற்கள் மட்டும் கறைபட்டு, வாங்கிய மாடுகளின் பற்கள் தூய்மையாயிருந்தால் குற்றம் ஊர் நீரிலே உள்ளது. கறை தீவனத்தால் மேலே படிந்ததாயின் சுரண்டினால் போகும். பல்லின் உள்ளே ஏறியதாயின் போகாது. புளோரைடுக் கறை இடப்பல்லிலும் வலப்பல்லிலும் இணையாகவே காணப்படும்.

கடைவாய்ப் பற்கள் ஏறுமாறாகத் தேய்ந்துவிட்டால் மாடு வைக்கோலைச் சரிவர மெல்லாது. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசி, நாக்கால் நக்கிக் குடிக்கும். தீவனம் குறைய உடல் மெலிகிறது, பால் வற்றுகிறது. பல் தேய்ந்த இளமாட்டைச் சந்தையில் கிழமாடென்று மதிப்பதால் விலையிலும் நட்டமே.

எலும்பும் மூட்டும்

பல் அமைந்து முடிந்த பின்னும் எலும்பு ஓய்வதில்லை. பழையதைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் ஆயுள் முழுதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எலும்பின் சுண்ணப் படிகத்தில் புளோரைடு புகுந்து அமர்வதோடு, கட்டும் உயிரணுக்களைத் தூண்டியும் விடுகிறது. அதனால் எலும்பு பருக்கிறதேயொழிய வலுப்பெறுவதில்லை. அவசரத்தில் ஒழுங்கின்றி அடுக்கிய சுவரைப்போல் தடித்தும் எளிதில் முறிவதுமாக ஆகிறது. கால்களின் குழாய் எலும்பிலும், விலாவிலும், கீழ்த்தாடையிலும் கையால் தடவினால் தட்டுப்படும் முடிச்சுகள் தோன்றும். தசைநார் எலும்போடு சேருமிடங்களில் முள்போல் எலும்பு வளரும். மாடு சில நாள் நொண்டும், சில நாள் தேறும், மீண்டும் நொண்டும். படுத்தால் எழுவதற்கு வருந்தும். குளம்பு நீண்டு வளரும். குளம்பினுள்ளே இருக்கும் சிற்றெலும்பு முறிந்துபோனால் வலி பொறாமல் முன்னங்கால்களைக் குறுக்கிட்டு நிற்பதும் உண்டு.

நொண்டும் மாடெல்லாம் புளோரைடு நோயுற்றதென்று கொள்ளலாகாது. கோமாரி கண்ட மாட்டுக்குக் காய்ச்சலும் வாயில் புண்ணும் உண்டு. பாஸ்பரஸ் சத்துக் குறைந்த மாடு எலும்பையும் மண்ணையும் கந்தலையும் மெல்லும். புளோரைடு நோயிலோ காய்ச்சலில்லை. பல்லில் கறையும், எலும்பில் முடிச்சும், ஒரே நீர் குடிக்கும் பல மாடுகளில் ஒரே குறியும் சேர்ந்து காணப்படும். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவர் சிறுநீரைச் சோதித்து உறுதி செய்வார். பல் கறையாயிருந்து சிறுநீரில் புளோரைடு குறைவாயிருந்தால் தீங்கு பழையது. இரண்டும் மிகுந்திருந்தால் இன்றும் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது என்பது பொருள்.

மற்ற உறுப்புகள்

உடம்பினுள் புகுந்த புளோரைடை வெளியேற்றும் பொறுப்புச் சிறுநீரகத்தைச் சேர்ந்தது. ஆதலால் அதன் நுண்குழல்களை அமைக்கும் உயிரணுக்களே மிகுந்த புளோரைடை நேரே சந்திக்கின்றன. அவை வீங்கிச் சிதைந்தால் வெளியேற்றும் திறன் குறைகிறது. குறைந்தால் எலும்பில் தங்குவது கூடுகிறது. இவ்வாறு ஒரு கேடு மற்றொன்றை வளர்க்கிறது. கல்லீரலின் உயிரணுக்களில் கொழுப்புப் படிதலும் குமிழி விழுதலும், தைராய்டு சுரப்பியில் தளர்ச்சியும், ஆண் விலங்கின் விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைதலும் ஆராய்ச்சிச் சாலைகளில் எலி, முயல் முதலிய பிராணிகளிடத்துக் காணப்பட்டுள்ளன. அப்பிராணிகளுக்குக் கொடுத்த அளவு நம் கிணறுகளில் உள்ளதைவிடப் பெரும்பாலும் பன்மடங்கு அதிகம். ஆகவே பசு சினை பிடிக்காமைக்கெல்லாம் புளோரைடே காரணம் என்று முடிவு கட்டுதல் தகாது. வேறு காரணங்களை மருத்துவர் முதலில் ஆராய வேண்டும். வயலிலும் தொழுவத்திலும் நம்பத்தக்க குறிகள் பல்லும் எலும்புமே.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. புளோரைடு பாலில் மிகச் சிறிய அளவே இறங்கும். எனவே நோயுற்ற பசுவின் பாலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பால் குடிக்கும் வரை கன்றும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. பால் மறந்து தொட்டியில் வாய் வைக்கும் நாள்முதலே அதற்கு அபாயம் தொடங்குகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, நீரைப் பரிசோதித்தல். கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தல் நலம். தூய பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் மும்முறை அலம்பி, மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்ட பின் ஒரு லிட்டர் பிடித்து, கிணற்றின் பெயர், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டித் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊராட்சிகளுக்கு அளிக்கப்பட்ட கைப்பெட்டிகளைக் கொண்டும் முதல் சோதனை செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, கன்றுகளுக்குத் தனித் தொட்டி. பெரிய மாடுகள் அனைத்துக்கும் வேறு நீர் தேடுவது பலருக்கு இயலாது. கன்றுகளுக்கு மட்டும் தேடுவது எவர்க்கும் இயலும். இரண்டு கன்றுகளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் போதும் என்று கொண்டால் ஆண்டுக்கு வேண்டுவது சுமார் 11,000 லிட்டர். நம் பக்கத்தில் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர். 50 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் விழும் மழையில் பத்தில் எட்டுப் பங்கு பிடித்தாலும் 40,000 லிட்டர் ஆகிறது. தை முதல் ஆனி வரை மழை குறைந்த ஆறு மாதத்துக்கு 6000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி ஒன்றிருந்தால் போதும். முதல் மழையை வடியவிட்டு அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும். அதற்கும் வசதியில்லாதவர் ஏரி நீரையோ குளத்து நீரையோ கொடுக்கலாம். பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தாலே 3 மில்லிகிராம் உள்ள நீர் 1.5 ஆகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, தீவனத்தில் சுண்ணச் சத்து. கால்சியம் குடலிலேயே புளோரைடைப் பிடித்துச் சாணத்துடன் வெளியேற்றத் துணைசெய்யும். வைக்கோலில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் வைக்கோலை மட்டும் தின்னும் கன்று எளிதில் நோய்ப்படும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 நிலக்கடலை 1940இல் வெளிவந்த காலம் முதல் கடலைச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது இப்பகுதி. காய் திரட்சிக்காக ஜிப்சம் இடும் விவசாயிகள் சுண்ணச் சத்தின் அருமையை அறிவார்கள். அக்கடலைக்கொடியே கால்சியம் மிகுந்த தீவனமாதலின், அதை விற்றுவிடாமல் ஒரு பங்கைக் கன்றுகளுக்கு ஒதுக்கி வைப்பது நன்று. தாது உப்புக் கலவையும் நாள்தோறும் கொடுத்துவர வேண்டும். ஆனால் உரத்துக்கான பாறைப் பாஸ்பேட்டையோ சூப்பர் பாஸ்பேட்டையோ தீவனத்தில் ஒருபோதும் கலக்கலாகாது. பாறைப் பாஸ்பேட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு புளோரின் உண்டு. நோய்கண்ட ஊர் மாட்டெலும்பை அரைத்த தூளும் ஆகாது.

நான்காவது, புகையைக் கவனித்தல். செங்கல் சூளைகளிலும் பாஸ்பேட் உரத் தொழிற்சாலைகளிலும் மண்ணும் பாறையும் சூடாகும்போது புளோரின் ஆவியாகி அருகிலுள்ள புல்லில் படிகிறது. ராஜஸ்தானத்து உதயப்பூரின் சுற்றுப்புறத்தில் மாடுகளும் எருமைகளும் ஆலைப் புகையால் இந்நோயுற்றதை ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சூளைக்குக் காற்று வீசும் திசையில் உள்ள புல்லை அறுத்துக் கன்றுகளுக்குப் போடாதிருப்பது நல்லது.

நீரிலிருந்து புளோரைடைப் பிரிக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கித் தெளியவைக்கும் நலகொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ளனர். வீட்டுக் குடிநீருக்கு அது ஏற்றது. மாடுகளுக்கு வேண்டிய பெரும் அளவுக்குச் செலவும் உழைப்பும் மிகுதி. புளியை உண்பதால் சிறுநீர் வழியே புளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார் நாய்களிடத்தும் பள்ளிச் சிறுவரிடத்தும் கண்டனர். அது துணையாகலாமேயன்றி நல்ல நீருக்கு ஈடாகாது.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மனம்வைத்தால் ஒரு பருவத்துக்குள் ஊர்க் கிணறுகள் அனைத்தையும் பரிசோதித்துப் பட்டியல் எழுதிவிடலாம். வங்காள தேசத்தில் ஆர்சனிக் நஞ்சுள்ள குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பு வர்ணமும் நல்லவற்றுக்குப் பச்சை வர்ணமும் பூசி, எழுத்தறியாதவரும் அறியும்படி செய்தனர். அம்முறையை இங்கும் கைக்கொள்ளலாம். மாட்டுத் தொட்டிக்குத் தீய கிணற்றிலிருந்து நீர் விடுவதை நிறுத்தி நல்ல கிணற்றோடு இணைப்பதற்குச் சில கஜம் குழாய் போதும்.

நிலைத்த பரிகாரம் மேல்மட்ட நீரே ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் கிணறுகளை நம்பிப் பயனில்லை என்று கண்டு, காவிரி நீரை ஒகேனக்கலிலிருந்து குழாய் வழியே கொண்டுவரும் பெருந்திட்டம் 2013இல் நிறைவேறியது. நமக்கோ ஏரிகள் அருகிலேயே உள்ளன. சங்கராபரணியின் குறுக்கே வீடூர் அணையும், ஊர்தோறும் ஏரியும் தாங்கலும் முன்னோர் வைத்துச் சென்ற செல்வங்கள். அவற்றைத் தூர்வாரி, வரத்துக்கால்களைத் திறந்து, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கினால் மாடுகளுக்கு நேரே நல்ல நீர் கிடைக்கும். சுற்றியுள்ள கிணறுகளிலும் புதுநீர் ஊறிப் புளோரைடின் செறிவு குறையும்.

நோயுற்ற மாட்டை நல்ல நீருக்கு மாற்றினால் எலும்பில் சேர்ந்தது ஆண்டுக்கணக்கில் மெள்ள மெள்ளக் கரைந்து வெளியேறும். வலியும் ஓரளவு தணியும். ஆனால் கறைபட்ட பல் வெளுக்காது, திரண்ட முடிச்சு முற்றும் கரையாது. ஆகையால் இவ்வாண்டு பிறக்கும் கன்றுகளையே முதலிற் கருதுக. அவை பால் மறப்பதற்குள் கிணற்று நீரின் பரிசோதனை முடிந்து, அவற்றுக்கென ஒரு தொட்டி நல்ல நீரும் அமைந்திருக்குமானால், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவற்றின் வாயைத் திறந்து பார்க்கும்போது வெண்மையான பற்களைக் காணலாம். விவசாயிகள் இதை இக்கோடையிலேயே தொடங்குவார்களாக.